ரோகிணிக்குக் கட்டாமல் போன பல்

கிராம்புத் தைலமும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை அது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லாமல் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டியிருந்த பஸ்ஸில், கரும்புக் காடு எரிந்த கரி காற்றோடு வந்து சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம், ரோகிணி என் பக்கம் திரும்பி வாயை அகலத் திறந்து என் முகத்துக்கு நேரே ஊதினாள். கீழ்வரிசையின் கடைவாய்ப் பல் ஒன்றில் வெள்ளைச் சிமெண்டு மாதிரி எதையோ வைத்து அடைத்திருந்தார்கள். உதட்டில் ஒரு பாதி மரத்துப் போயிருந்ததால் அவள் சிரித்தபோது சிரிப்பு ஒரு பக்கத்தில் மட்டுமே வந்தது. அந்தக் கோணல் சிரிப்பு, அந்த வாசனை, எச்சில் படாமலிருக்கப் பல் டாக்டர் கழுத்தில் கட்டிவிடும் துணியின் சின்னச் சங்கிலி அவள் பிடரியில் பதித்திருந்த புள்ளிப் புள்ளியான தடம், இவை எல்லாமே எனக்கு வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பல் வைத்தியத்துக்காகவெல்லாம் ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்பவர்கள், ஃபிஜியில் அந்த வருஷம் எங்கள் லோவு கிராமத்தில் இருந்திருக்க வேண்டும்.

ரோகிணி என் சித்தப்பா மகள். என்னைவிட மூன்று மாதம் சின்னவள். ஒரே முற்றத்தில் எதிரும் புதிருமாக இரண்டு தகர வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் அவர்கள். என் அப்பா கரும்பு போட்டார். சித்தப்பா பக்கத்து நகரமான லௌதோக்காவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பெரியவர்கள் தங்களுக்குள் தமிழ் பேசுவார்கள், நாங்கள் அதைக் கேட்டு இந்தியில் பதில் சொல்லுவோம்; மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள், எங்கள் தமிழ் காதோடு நின்றுவிட்டது. இதை எழுதும் தமிழ், நான் பெரியவளான பிறகு கோவில் வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

அந்த வருஷம்தான், எங்களைப் போன்ற இந்தியர்கள் அதிகம் இருந்த அரசாங்கத்தைக் கவிழ்க்க ராணுவம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் அதை ஆங்கிலத்திலிருந்து எடுத்து "கூ" என்றார்கள். மழை, புயல் என்பதைப் போல அதுவும் ஒரு சொல்லாகிவிட்டது. சில மாதங்களில் இரண்டாவது "கூ" வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஓடக்கூடாது என்றார்கள். சித்தப்பாவின் பள்ளியில் இரண்டு வாத்தியார்கள் ஒரு விடுமுறையில் போனவர்கள் திரும்பி வரவில்லை. பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சு: "பேப்பர்" வந்துவிட்டதா, யாருக்கு வந்தது, எந்த நாட்டுக்கு. சான்றிதழ் வைத்திருந்தவர்களுக்குப் பேப்பர் கிடைத்தது. கரும்பு வைத்திருந்தவர்களுக்குக் கரும்புதான் இருந்தது. சித்தப்பாவுக்கு நியூசிலாந்துக்குப் பேப்பர் வந்தது.

முன்னால் போனவர்கள் எழுதிய கடிதங்களில் குளிரைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் என்ன இருந்ததோ, ஒரு புத்திமதி மட்டும் எல்லாக் கடிதத்திலும் இருந்தது: வருவதற்கு முன்னால் பல்லைப் பார்த்துக்கொண்டு வாருங்கள், இங்கே பல் டாக்டர் கேட்கும் காசு நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டாது. அதனால் லௌதோக்காவில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த "தாந்த் டாக்டர்" வீட்டு வாசலில் அந்தப் பருவத்தில் கூட்டம் நெரிந்தது. தாந்த் என்றால் எங்கள் இந்தியில் பல். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாலே யார் யார் ஊரைவிட்டுப் போகப் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

சித்தப்பா குடும்பம் மூன்று பேருக்கும் வரிசையாகச் சனிக்கிழமைகளில் நேரம் கொடுத்திருந்தார்கள். சித்தி நாற்காலியில் இருக்கும்போது ரோகிணி தனியாக உட்கார வேண்டுமே என்று என்னைத் துணைக்கு அழைத்துப் போனார்கள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதி திறந்த கதவு வழியாக உள்ளே தெரியும். முதல் வாரம் வெறும் பார்வைதான். குட்டிக் கண்ணாடியையும் நுனி வளைந்த ஊசியையும் வைத்துக்கொண்டு டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே எண் சொல்ல, பக்கத்தில் நின்ற நர்ஸ் ஒரு படத்தில் புள்ளி வைத்தாள். ரோகிணியின் வாய்க்கு ஒரு படமே இருந்தது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு சின்ன அட்டையைக் கடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்கடுத்த வாரம் மூவருக்கும் பல் சுத்தம் செய்தார்கள்; சித்தியின் பல்லிலிருந்து வெற்றிலைக் கறை போனபோது அவருக்கே தன் முகம் பிடிபடாமல் வரும் வழியெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தார். சித்தப்பாவுக்குக் கோணலாக முளைத்த ஞானப்பல்லை எடுத்தார்கள். ரோகிணிக்கு இரண்டு பல்லில் வெள்ளிபோல மின்னும் அடைப்பு வைத்தார்கள். அன்று சாயங்காலம் அவள் கைக்கண்ணாடியை வெயிலில் சாய்த்து அவற்றை எனக்குக் காட்டினாள். என் காதில் தோடுகூட இல்லாத நாளில் அவள் வாய்க்குள் வெள்ளி இருந்தது.

வாய் கொப்பளிக்க அவர்கள் ஒரு மாத்திரை போடுவார்கள். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் அப்படியே செம்பருத்தி நிறமாகும். ஒருமுறை அவள் மிச்சம் வைத்த தண்ணீரை நர்ஸ் பார்க்காதபோது நான் எடுத்துக் கொப்பளித்தேன். இனித்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகுதான் அந்தக் கடைவாய்ப் பல். அதை அடைக்க மட்டும் முடியாது, நரம்புவரை சொத்தை போய்விட்டது, வேரைச் சுத்தம் செய்து மருந்து வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதற்கு மூன்று சனிக்கிழமை ஆனது. மயிர்போன்ற ஊசிகளை ஒவ்வொன்றாக வேருக்குள் விட்டு அவர் சுரண்டிக்கொண்டிருந்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். அந்தப் பெரிய மனிதர் குனிந்து, வியர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணின் ஒற்றைப் பல்லுக்காக அவ்வளவு நேரம் நின்றார்.

என் பல் வலித்தது அந்த மாதத்தில்தான். பொய்வலி என்று நினைக்க வேண்டாம். அதே கடைவாய்ப் பல், எதிர்ப்பக்கம். அம்மா உப்புத் தண்ணீர் கொடுத்தாள், கிராம்பை நசுக்கி வைத்தாள், கன்னம் வீங்கியதும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். காசு கொடுத்துப் பார்க்கும் தனியார் டாக்டர் என்பது எங்கள் வீட்டில் பேச்சிலேயே வராத விஷயம். காலையில் போய் வரிசையில் உட்கார்ந்து பகலுக்கு மேல்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். பாதிப்பேர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டதால் அன்று ஒரே ஓர் இளம் டாக்டர்தான் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரோகிணியிடம் கேட்டு மனப்பாடம் செய்துவைத்திருந்த ஆங்கிலத்தில், பிடுங்க வேண்டாம், வேரைச் சுத்தம் செய்யுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். செய்தால் பல் பிழைக்கும்தான், ஆனால் அந்த வேலை இங்கே செய்வதில்லை, வெளியே தனியாரிடம் காசு கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்று அம்மாவிடம் இந்தியில் விளக்கினார். அம்மா யோசிக்கவே இல்லை. எடுத்துவிடச் சொன்னாள்.

மரத்துப்போகும் ஊசி எனக்கும் போட்டார்கள். என் உதடும் பாதி மரத்தது. ஆனால் அந்த இளம் டாக்டர் என் பல்லை இடுக்கியில் பிடித்துத் தட்டில் போட்டபோது "டக்" என்று கேட்டதே, அந்தச் சத்தம் ரோகிணியின் சனிக்கிழமைகளில் எங்கும் கேட்டதில்லை. வெளியே வந்ததும் என் வாயில் பஞ்சைத் திணித்தபடி அம்மா சொன்னாள்:

"பல்லுதான போச்சு, புள்ள. எனக்கு மேல்வரிசையே கெடையாது. நான் துன்னுக்கினுதான இருக்கேன்."

அது உண்மைதான். முப்பது வயதாவதற்குள் அம்மாவின் மேல்வரிசை முழுவதையும் இதே ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தார்கள். கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பல் செட்டைப் போட்டுக்கொள்வாள். அம்மாவுக்கு அதில் வெட்கமில்லை என்றே நான் நம்பியிருந்தேன்.

அன்று மாலை ரோகிணி ஒரு துணியில் ஐஸ் கட்டி சுற்றிக் கொண்டுவந்து என் கன்னத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தன் பல்லுக்குத் தொப்பிபோல ஓர் உறை செய்ய அளவெடுத்துத் தலைநகர் சுவாவுக்கு அனுப்பியிருப்பதாகவும், வந்ததும் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றும், அதுவரை அந்தப் பக்கம் கடிக்கக்கூடாது என்றும் சொன்னாள். அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அப்படியெல்லாம் வராது. அவள் குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

எங்கள் வட்டாரத்தில் டெலிபோன் இருந்தது மரியம் மௌசியின் "துக்கான்" என்கிற மளிகைக் கடையில் மட்டும். மௌசி என்றால் சின்னம்மா. அவர்கள் முஸ்லிம்கள், அவருடைய பெரியவர்களும் மதராஸ் பக்கத்துக் கப்பலில் வந்தவர்கள்தான் என்பதால் அம்மாவும் அவரும் தமிழிலேயே பேசிக்கொள்வார்கள். யாருக்காவது போன் வந்தால் மௌசி விஷயத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கடைக்கு வரும் முதல் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார். சித்தப்பா குடும்பம் புறப்பட ஒரு வாரமே இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, மீன் டப்பா வாங்கப் போன என்னிடம் மௌசி சொன்னார்:

"மவளே, தாந்த் டாக்டர் வீட்லேருந்து போன் வந்துச்சு. ரோகிணிக்குச் சனிக்கெழம இல்லயாம், வியாழக்கெழம காலைல ஒம்போது மணிக்கு வரணுமாம். டாக்டரும் ஊரவிட்டுப் போறாராம். ஒங்க சித்திகிட்ட மறக்காம சொல்லு."

நான் ஓடித்தான் போனேன். இதை நான் எத்தனையோ முறை எனக்குள் விசாரித்துப் பார்த்துவிட்டேன். கடையிலிருந்து முற்றம் வரை சொல்லவேண்டும் என்றுதான் ஓடினேன். முற்றத்தில் ரோகிணி ஒரு குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். முழங்காலுக்குக் கீழே வரும் நீலக் கோட்டு. வெயிலில் அவளுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. அந்தக் கோலத்திலும் அவள் அழகாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக, தான் போனபிறகு தன் கட்டிலை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று தன் அம்மா சொல்லிவிட்டதாகவும், பள்ளிக்கூட ஷூவும் பையும்கூட எனக்குத்தான் என்றும் சொன்னாள். கடையில் என்ன வாங்கினாய் என்று கேட்டாள். மீன் டப்பா என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்தது, போனது. புதன்கிழமை, சித்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். கிளிப்பை எடுத்துக்கொடு என்றார், எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தேன். வியாழக்கிழமை வகுப்பில் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே என் இடம். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டபோது இரண்டு வரிசை தள்ளி ரோகிணி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். இப்போதுகூடக் கையைத் தூக்கிச் சொல்லலாம், ஓடினால் பஸ் பிடிக்கலாம் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. ஒன்பதேகால் ஆனது. என் வாயில் காலியாக இருந்த பள்ளத்தை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கும் ஒரு பள்ளம் இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை வழக்கம்போல என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். காற்றுப்பட்டால் சரியாகிவிடும் என்றார் சித்தி. துணிக்கடை மாடிக்கு ஏறும்போதே தெரிந்துவிட்டது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள். கதவு பூட்டியிருந்தது. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்த நாற்காலிமேல் வெள்ளைப் போர்வை போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது. படியைக் கழுவிக்கொண்டிருந்த ஃபிஜியக் காவல்காரர் எங்களைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைத்தார். டாக்டர் நேற்றே விமானம் ஏறிவிட்டார், கடைசி ஆட்களை எல்லாம் வியாழக்கிழமையே முடித்துவிட்டார் என்றார். செய்து வந்த உறை எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. சித்தி ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ரோகிணி அம்மாவைத் தட்டிக்கொடுத்து, பரவாயில்லை, அந்தப் பக்கம் கடிக்காமல் இருந்துகொள்கிறேன் என்றாள்.

திங்கட்கிழமை சித்தப்பா இன்னொரு டாக்டரிடம் ஓடினார். அவர் ஒரு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார். விமானம் புதன்கிழமை.

இடையில் ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி மரியம் மௌசியின் கடைக்குப் போனார். இன்று எல்லாம் தெரிந்துவிடும் என்று நானும் பின்னால் போய், மண்ணெண்ணெய் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றேன். டாக்டர் வீட்டிலிருந்து போன் ஏதாவது வந்ததா என்று சித்தி கேட்டார். மௌசி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தினார். என்னைப் பார்க்கவே இல்லை.

"வந்துச்சும்மா. நான்தான் மறந்துட்டேன்."

சித்தி பொதுவாகக் கத்திப் பேசாதவர். அன்று அவர் பேசியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. போகிறவர்களைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் என்பதுதான் அதில் குறைந்த வார்த்தை. மௌசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். சித்தி போனபிறகு எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். இவர் என்னைக் காப்பாற்றினாரா, கடை வேலைக் குழப்பத்தில் என்னிடம் சொன்னதையே மறந்துவிட்டாரா என்று பல வருஷம் எனக்குத் தெரியவில்லை. கேட்கும் துணிச்சலும் வரவில்லை.

நாந்தி விமான நிலையத்தில் ரோகிணி நீலக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் அழுகையில் எது பிரிவு, எது பயம், எது இன்னமும் தீராத பொறாமை என்று பிரிக்க எனக்கு வயது போதவில்லை.

அங்கே போன முதல் குளிர்காலத்தில் கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சித்தி இந்தியில் எழுதியிருந்ததை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ரோகிணி ரொட்டித் துண்டைக் கடித்தபோது அந்தப் பல் இரண்டாகப் பிளந்துவிட்டது, சீழ் பிடித்து முகம் கண் வரை வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பல்லை எடுத்துவிட்டார்கள், புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வருஷமே இப்படியானதால் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், இவள் யாரோடும் பேசுவதில்லை என்று இருந்தது. ஒரு வரிகூட விடாமல் படித்தேன். அதுதான் நான் எனக்குக் கொடுத்துக்கொண்ட தண்டனை. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"போன பல்லு போச்சு," என்றாள். "வாய் இருக்குதில்ல."

எவ்வளவு கல்நெஞ்சு இவளுக்கு என்று நினைத்தேன்.

நான் பள்ளி இறுதி முடித்த வருஷம் சித்தப்பா எழுதினார். என்னை அனுப்பிவைக்கும்படியும், தங்கள் வீட்டிலேயே தங்கி வாத்தியார் படிப்புப் படிக்கட்டும் என்றும், பேப்பர் வேலையெல்லாம் தானே பார்ப்பதாகவும். ரோகிணி அடியில் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தாள். தன் அறையிலேயே எனக்கும் ஒரு கட்டில் போட்டாயிற்று என்று. நான் எத்தனை வருஷம் ஆசைப்பட்டது அது. அந்தக் கட்டிலில் படுத்து, அவள் வாயில் நான் உண்டாக்கிய பள்ளத்தை எதிரே பார்த்துக்கொண்டு தூங்க என்னால் முடியாது என்று தோன்றியது. போகவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அப்பா இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். அம்மாதான் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டைத் தள்ளுவாள். அது ஏதோ வறட்டுப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். இங்கேயே படித்து, லௌதோக்காவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகி, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டேன்.

அம்மா போன பிறகு, துக்கம் கேட்க ரோகிணி ஆக்லாந்திலிருந்து வந்தாள். ஐம்பதை நெருங்கிய இரண்டு பெண்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். பிடுங்கிய இடத்தில் அவள் எப்போதோ தாடையில் திருகிப் பொருத்தும் பல் வைத்துக்கொண்டுவிட்டாள். சிரித்தால் வரிசை பளிச்சென்று இருந்தது, என் கண் அதில்தான் போய் நின்றது. அதனாலோ என்னவோ, அன்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை, மீன் டப்பா, நீலக் கோட்டு, கடிகாரம் எல்லாவற்றையும். அவள் எழுந்து தன் தட்டைக் கழுவினாள். துடைத்துக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி, தன் அம்மா சாகும்வரை அந்தக் கடைக்காரம்மாவைச் சபித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். மன்னிப்பு என்னிடம் கேட்க வேண்டாம், அவரிடம் கேள் என்றாள். மரியம் மௌசி மகளோடு சிட்னியில் இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது; நம்பரை எழுதி மேசையில் வைத்தாள். ஊருக்குக் கிளம்பும்போது என்னைக் கட்டிக்கொண்டாள், எப்போதையும்விடக் கொஞ்சம் சீக்கிரமாக விட்டுவிட்டாள்.

நம்பரை வைத்துக்கொண்டு மூன்று வாரம் கடத்தினேன். பிறகு ஒரு நாள் பள்ளிவிட்டு வந்ததும் கூப்பிட்டேன். மகள் எடுத்து, தாயிடம் கொடுத்தாள். எண்பதைத் தாண்டிய குரல், ஆனால் அதே குரல், அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டது.

"யாரு, பாக்கியம் பொண்ணா?"

நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"அது அன்னிக்கே தெரியும், மவளே," என்றார். "நீங்க பூட்டின கதவப் பாத்துட்டு வந்தீங்களே, அன்னிக்குச் சாயங்காலமே ஒங்கம்மா வந்துட்டா. போன் வந்துச்சான்னு கேட்டா. வந்துச்சு, ஒம் பொண்ணுகிட்டத்தான் சொல்லி அனுப்பினேன்னேன். அரிசி மூட்ட மேல ஒக்காந்துட்டா. கல்யாணத்துக்குப் போட்டுக்கிற பல்லு செட்டப் போட்டுக்கினு வந்திருந்தா, அதக் கழட்டிக் கையில வச்சிக்கினு அழுதா. அப்பிடி ஒரு அழுகய நான் பாத்ததில்ல."

என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"எம் பொண்ணு பல்ல நான்தான் புடுங்கச் சொன்னேன், மரியம், அதான் அவ இப்பிடிப் பண்ணிட்டான்னு சொன்னா. அவங்க போறவங்க, கோவத்தயும் பிளேன்லயே ஏத்திக்கினு போயிருவாங்க, ஆனா நாளைக்கு எம் பொண்ண அவங்கதான் அங்க கூப்பிட்டுக்கணும், இது தெரிஞ்சா கூப்புடுவாங்களான்னா. போ, நான் மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்னேன்." பிறகு, ஏதோ பழைய பாக்கியைக் கேட்பதுபோல, "கூப்பிட்டாங்களா ஒன்ன?" என்று கேட்டார்.

"கூப்பிட்டாங்க, மௌசி. நான்தான் போகல."

பிறகு அவர், கடை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. நிலத்தின் குத்தகை முடிந்ததும் நிலத்துக்காரர்கள் அதைப் புதுப்பிக்கவில்லை. இரண்டு வீடுகளின் தகரத்தையும் கழற்றி விற்றாயிற்று. கரும்பு இருந்த இடத்தில் ஆளுயரப் புல். துணிக்கடை மாடியில் இப்போது போன் விற்கிறார்கள். அந்தச் சனிக்கிழமைகளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் என்னைத் தவிர ஒருவர்கூட இந்தத் தீவில் இல்லை. எங்கள் தெருவில் தமிழில் பேசிக்கொண்டிருந்த கடைசி இரண்டு பேரில் ஒருத்தி மண்ணில், ஒருத்தி சிட்னியில்.

எனக்கு அம்மா அழுததே தெரியாது. நாற்பது வருஷத்துக்குமேல் பக்கத்திலேயே இருந்து, மேல்வரிசை இல்லாத அந்த வாயால் அவள் என்னிடம் சொல்லாததை ஓர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து இன்னொருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். போனை வைத்தபிறகு மௌசியிடம் நன்றி வர வேண்டிய இடத்தில், குற்றவுணர்வு வர வேண்டிய இடத்தில், எனக்கு வந்தது வேறு. அந்த அழுகையைப் பார்த்தவர் அவர், நான் பார்க்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கிறது.